கெங்கம்மாள் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கெங்கம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்பது திண்டிவனத்தில் அவள் குடியிருந்த தெருவுக்குத் தெரியும். அவள் அரிசி புடைத்த ரைஸ்மில்லுக்குத் தெரியும். விழுப்புரத்தில் இருந்த அவள் புருஷனுக்கு மிக நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்தது நகராட்சிக்கு மட்டும்தான். நகராட்சியின் பிறப்புப் பதிவேட்டில், 1981ஆம் வருடம் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை, அவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்திருந்தது.

அவள் புருஷன் சீனுவாசன் ரயில்வேயில் கலாசி, பாரம் தூக்குகிற வேலை. கல்யாணமாகி ஏழு வருடம் இருவரும் போகாத கோயில் இல்லை. அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் போய் வந்ததில் பஸ் கண்டக்டர்கள் பழக்கமானார்களே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. எழுபத்தைந்தில் அவனை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். "ஊடு பாத்துட்டு வந்து இட்டுனு போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வீடு கிடைத்தது. அந்த வீட்டுக்குக் கிருஷ்ணவேணி என்று ஒருத்தியும் கிடைத்தாள். கெங்கம்மாளை அழைத்துப்போக அவன் வரவில்லை.

கிருஷ்ணவேணிக்கும் பிள்ளை பிறக்கவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து அந்தச் செய்தி திண்டிவனம் வந்து சேர்ந்தபோது கெங்கம்மாள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவள் மாட்டுக்கு ஒரு கை தவிடு கூடுதலாகக் கிடைத்தது. அவ்வளவுதான்.

தவிடுதான் அவள் வீட்டில் குறையாத பொருள். மில்லில் வேலை செய்கிற பெண்களுக்குச் சனிக்கிழமை ஆளுக்கு ஒரு முறம் தவிடு உண்டு. அந்தத் தவிடுதான் அவளைத் தாயாக்கியது.

பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணுவுக்கு முதல் பிள்ளை ஏழாம் நாள் போயிற்று. இரண்டாவது மூன்றாம் மாதம் போயிற்று. மூன்றாவது பிறந்தபோது அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, பிள்ளையைப் பார்க்க மாட்டேன் என்றாள். பார்த்தால் ஆசை வரும். ஆசை வந்தால் எமன் வருவான். பிள்ளையை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வை, யாராவது தவிட்டுக்கு வாங்கட்டும் என்றாள். பிள்ளை தங்காத வீட்டில் எல்லோரும் செய்வதுதான். வாங்கினவள் பிள்ளை என்று ஆகிவிட்டால், தேடி வருகிறவன் வீடு தெரியாமல் திரும்பிவிடுவான். காது குத்துகிற வரையில் பெற்றவள் வாய் தவறியும் "எம்புள்ள" என்று சொல்லக் கூடாது. கணக்கு அவ்வளவுதான்.

வழக்கமாக நாலைந்து பெற்றுத் தேறினவளைத்தான் வாங்கச் சொல்வார்கள். சின்னபொண்ணு கெங்கம்மாளைக் கூப்பிடச் சொன்னாள். தெருவில் இருந்த பெண்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாடி, பெறாதவள போயி வாங்கச் சொல்ற?"

"பெத்தவ ஊட்டுக்கெல்லாம் எமன் ஒரு தபாவாவது வந்து போயிருக்கான். அவங்க ஊட்டுக்குத்தான் வந்ததே இல்ல. வழி தெரியாது அவனுக்கு" என்றாள் சின்னபொண்ணு, சுவரைப் பார்த்தபடியே.

கூப்பிட ஆள் போயிற்று. கெங்கம்மாள் முறம் நிறையத் தவிட்டோடு வந்தாள். குப்பைமேட்டில், வேறொரு முறத்தில், ஒரு ஜாண் பழந்துணியில் சுற்றிய பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

"புள்ள விக்கறீங்களா?"

"விக்கிறோம்" என்றான் சின்னபொண்ணுவின் புருஷன் பச்சைமுத்து.

"இன்னா வெல?"

"ஒரு மொறம் தவிடு."

"குடுத்துட்டேன். இது எம்புள்ள" என்று கெங்கம்மாள் பிள்ளையை எடுத்தாள். அது கத்துவதை நிறுத்தியது. வழக்கப்படி உடனே சின்னபொண்ணு மடியில் கொண்டுபோய் வைத்து, "எம்புள்ளைக்குப் பாலு குடுத்து வளத்து வையி" என்று சொல்ல வேண்டும். சொன்னாள். ஆனால் குப்பைமேட்டிலிருந்து சின்னபொண்ணு வீட்டு வாசலுக்கு இருபது அடி. அந்த இருபது அடியை அவள் மிக மெதுவாக நடந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மாடு அன்று வெறும் கழுநீர் குடித்தது.

பத்து நாள் கழித்து, பிறப்பைப் பதிந்தே ஆக வேண்டும் என்று நகராட்சி மருத்துவச்சி பச்சைமுத்துவை விரட்டினாள். கிளம்புகிறவனைச் சின்னபொண்ணு வாசலில் நிறுத்தினாள்.

"நம்ம பேர எழுதிடாத."

"அப்பன் ஆத்தா பேரு கேப்பாங்களே."

"கேட்டா? பொறப்பும் எறப்பும் ஒரே ஆபீசுல, ஒரே ஆளுதான எழுதறாரு? எமன் அந்த நோட்டப் பாக்காமயா வர்றான்?"

பச்சைமுத்து சர்க்கரை ஆலையில் மூட்டை தூக்குகிறவன். இரண்டு பிள்ளைகளுக்கு இறப்பு எழுத அதே ஆபீசுக்குப் போய் வந்தவன். அவள் சொன்னது அவனுக்கு நியாயமாகப் பட்டது.

"குழந்தை பேரு?" என்றார் குமாஸ்தா.

"தவிடன்."

"அப்பா பேரு?"

"சீனுவாசன்."

"அம்மா?"

"கெங்கம்மாள்."

"நீ யாரு?"

"பக்கத்து ஊட்டுக்காரன்."

"அப்பங்காரன் வரமாட்டானா?"

"அவரு விழுப்புரத்துல வேலையில இருக்காருங்க."

கடைசி இரண்டு பதிலும் சத்தியமான உண்மை.

சான்றிதழை அவன் கெங்கம்மாளிடம்தான் கொடுத்தான். பொருள் யாருடையதோ அவர்களிடம்தானே பத்திரம் இருக்க வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மில் மேஸ்திரி கோதண்டபாணியிடம் நீட்டினாள்.

"தாயார் பெயர், கெங்கம்மாள்" என்று படித்துவிட்டு அவர் நிமிர்ந்தார். "இன்னாம்மா இது?"

"தப்பா எழுதிட்டாங்க. இன்னொரு தபா படிங்க."

படித்தார்.

"மாத்திடும்மா."

"மாத்தணும்" என்றாள். மறுநாளும் படிக்கச் சொன்னாள். அதற்கு மறுநாள் அவரைப் பார்த்து அவள் முந்தானை முடிச்சைத் தொட்டபோதே, "தாயார் பெயர் கெங்கம்மாள், போ போயி வேலயப் பாரு" என்றார். காகிதம் தகரப் பெட்டிக்குள், கல்யாணப் புடவைக்கு அடியில் போயிற்று.

பிள்ளை தங்கியது. தங்கினதோடு இல்லாமல் தவழ்ந்தது, நடந்தது. பச்சைமுத்து வீட்டில் பால் குடித்துவிட்டுக் கெங்கம்மாள் வீட்டில் கேப்பைக் கூழ் குடித்தது. மாதம் ஒரு முறை அதற்கு இழுப்பு வரும். மார்பு பறக்கும். சின்னபொண்ணு பழைய ஞாபகத்தில் பயந்து வாசலுக்கு ஓடிவிடுவாள். கெங்கம்மாள்தான் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, மூச்சு சமப்படுகிற வரையில் முதுகை நீவிக்கொண்டே இருப்பாள். படுக்க வைத்தால் மூச்சு முட்டும். இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இரண்டாவது வயதில் காது குத்தினார்கள். ஒரு முறம் தவிடும் ஒரு சேலையும் கெங்கம்மாளிடம் கொடுத்து, பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வியாபாரம் முடிந்தது. இனி எமனுக்கு ஒளிக்க வேண்டியதில்லை என்று பச்சைமுத்து நல்ல பெயராக, வெற்றிச்செல்வன் என்று வைத்தான். பிள்ளையின் காதில் மூன்று முறை சொன்னார்கள். அன்று சாயங்காலம் பச்சைமுத்து தெருவில் நின்று "வெற்றிச்செல்வா" என்று கூப்பிட்டபோது, பிள்ளை யார் அது என்று மற்றவர்களோடு சேர்ந்து சுற்றும் முற்றும் பார்த்தது.

இதோடு போயிருந்தால் நகராட்சிப் பதிவேடு பாட்டுக்கு இருந்திருக்கும், பெட்டியும் பாட்டுக்கு இருந்திருக்கும். ஆனால் எண்பத்து மூன்றில் பச்சைமுத்துவைச் சர்க்கரை ஆலையில் நிரந்தரமாக்கினார்கள். நிரந்தரமானவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மருத்துவ அட்டை. இழுப்புக்கு ஊசி, மருந்து, பெரிய டாக்டர் எல்லாம் இனாம். மாதக் கடைசிக்குள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். பச்சைமுத்து வந்து கெங்கம்மாள் வீட்டு வாசலில் நின்றான்.

"யக்கா, அந்தக் காகிதம்..."

"மாத்தணும்" என்றாள் கெங்கம்மாள். இரண்டு வருடமாகச் சொல்லி வந்த அதே குரலில்தான் சொன்னாள். பெட்டியைத் திறக்கத்தான் நேரமாயிற்று.

நகராட்சியில் இப்போது தேவசகாயம் என்று ஒரு குமாஸ்தா இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொன்ன கதையை முழுக்கக் கேட்டார்.

"பேர மாத்துறது பெரிசு இல்ல. ஆத்தா அப்பனையே மாத்தணும்ன்றீங்களே. என் சர்வீசுல பாத்ததில்ல." ஒரு படிவத்தை எடுத்தார். "நோட்டுல எந்த ஆத்தா அப்பன் இருக்காங்களோ, அந்த ரெண்டு பேரும் 'இது எங்க புள்ள இல்ல'ன்னு கையெழுத்துப் போடணும். அப்புறம் ரெண்டு சாட்சி. கமிஷனர் உத்தரவு. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் நடக்காது."

"இந்தம்மா இங்கயே இருக்காங்க" என்றான் பச்சைமுத்து.

"அந்தச் சீனுவாசன்?"

எல்லோரும் கெங்கம்மாளைப் பார்த்தார்கள். எட்டு வருடமாக அந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"நான் போயி வாங்கியாறேன்" என்றாள். "ஒண்டியா போறேன். நீங்க வந்தா பேஜாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சரில் விழுப்புரத்துக்கு ஏறினாள். சான்றிதழும் படிவமும் மடியில் இருந்தன. ஜன்னல் ஓரமாக நிலக்கடலைச் செடி பச்சையாக நின்ற மல்லாட்டைக் கொல்லைகள் போய்க்கொண்டிருந்தன. அவள் மனதுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான். அதைச் சாமியிடம் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சும்மா நினைத்துக்கொண்டாள். சீனுவாசன் அவள் கேட்ட எதற்கும் சரி என்று சொன்னவன் இல்லை. இதற்கும் சொல்ல மாட்டான். அவன் மாட்டேன் என்றால் அவள் என்ன செய்ய முடியும்? பழி அவன் மேல். காகிதம் பெட்டியில்.

ரயில்வே காலனியில் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கதவைத் திறந்தவள் ஒரு நிமிடம் அவளையே பார்த்தாள். பிறகு, "வாங்கக்கா" என்றாள். அதுதான் கிருஷ்ணவேணி.

சீனுவாசன் கதவில் கண்ணாடியை மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகத்தில் சோப்பு. மீதி முகம் கெங்கம்மாள் நினைத்திருந்ததைவிடக் கிழடாகியிருந்தது.

"இன்னாமே, திடீர்னு?"

அவள் சான்றிதழை நீட்டினாள். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். நின்றான். மறுபடி படித்தான். சோப்பு காய்ந்தது.

"வேணி! இங்க வா. இதப் பாரு." விரலை வைத்துக் காட்டினான். "தகப்பனார் பெயர், சீனுவாசன். கோபுரச் சீலு போட்டிருக்குது."

கிருஷ்ணவேணி கையில் இருந்த கரண்டியோடு அருகில் வந்தாள். "எப்பயா போன திண்டிவனம்?"

சீனுவாசன் பதில் சொல்லவில்லை. மீசையை மட்டும் ஒதுக்கிக்கொண்டான். பதில் சொல்லாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவனுக்கு அந்த வயது வரையில் தெரியாது.

"எப்பன்னு கேக்குறேன்ல? நைட் டூட்டி நைட் டூட்டின்னு போனியே, அங்கதான் போனியா?"

"அவரு எங்கயும் வரல" என்றாள் கெங்கம்மாள். தவிடு, குப்பைமேடு, எமன், பச்சைமுத்து எல்லாவற்றையும் சொன்னாள். கிருஷ்ணவேணி கேட்கக் கேட்கக் கரண்டியைக் கீழே இறக்கினாள். சீனுவாசனும் கேட்கக் கேட்க இறங்கினான். ஆனால் காகிதத்தை மட்டும் விடவில்லை.

"அதெல்லாம் பொம்பளைங்க பேசிக்கிறது. சர்க்கார் இன்னா சொல்லுது? எம்புள்ளன்னு சொல்லுது. நான் எதுக்கு இல்லன்னு கையெழுத்துப் போடணும்? பதினஞ்சு வருசமா ஒவ்வொருத்தனும் புள்ள இல்லியான்னு கேக்குறானே, அவனுங்க மூஞ்சில இத ஒட்டுறேன்."

அவள் வேண்டிக்கொண்ட "மாட்டேன்" வந்துவிட்டது. கெங்கம்மாள் எழுந்திருந்தால் அடுத்த வண்டிக்குத் திரும்பியிருக்கலாம். அவன் விடவில்லை.

"பையன இங்க இட்டாந்து உடு. ரயில்வே பாஸ்ல பேரு ஏத்துறேன், வண்டியில காசில்லாம போவலாம். எவன் அது, பச்சமுத்து? குடுக்கலன்னா கேஸ் போடுறேன். கையில சர்ட்டிபிகேட் இருக்குது."

"அவனுக்கு இழுப்பு வரும்" என்றாள் கெங்கம்மாள்.

"வந்தா?"

"உக்கார வச்சி முதுக நீவணும். படுக்கப் போட்டா மூச்சு முட்டும். ஆலை டாக்டரு கிட்ட காட்டத்தான் இந்தக் காகிதத்த மாத்தச் சொல்றாங்க."

"அத்த அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பேரு என்னுது."

கெங்கம்மாள் அவனைப் பார்த்தாள். மேஸ்திரியிடம் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னதும், பெட்டியின் அடியில் வைத்துவிட்டு மாத்தணும் மாத்தணும் என்று சொல்லி வந்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. அடுத்த இழுப்பு எந்தத் தேதி வாக்கில் வரும் என்பதும் ஞாபகம் வந்தது. இன்னும் ஒன்பது நாள்.

"கையெழுத்துப் போடுய்யா" என்றாள். அவளே எதிர்பார்க்காத சத்தத்தில் வந்தது.

"மாட்டேன்."

"பாஸ்ல எந்த வாயால ஏத்துவ?" என்று குறுக்கே வந்தாள் கிருஷ்ணவேணி. "பாஸ்ல பொண்டாட்டி பேரு இன்னா இருக்குது? அக்காவுக்குச் சொல்லேன்."

சீனுவாசன் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நீங்கதான்க்கா" என்றாள் கிருஷ்ணவேணி. "ரெண்டாவது கட்டினது தெரிஞ்சா வேல பூடும்னு ஆபீசுல உங்க பேரத்தான் வச்சிருக்காரு. வண்டியில பேரு கேட்டா நான் கெங்கம்மாள்னு சொல்லிக்கினு வர்றேன், எட்டு வருசமா. ராமேஸ்வரத்துல யாரோ யாரையோ கெங்கம்மான்னு கூப்புட்டாங்க, நான் திரும்பிப் பாத்துட்டேன்."

கெங்கம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"ராமேஸ்வரம் போயிருக்கேனா நானு?"

"மதுரை, பழனி, திருச்செந்தூரு. ஒரு தபா பம்பாயி."

"பம்பாயி எப்பிடி இருந்துச்சு?"

"ஒரே மழக்கா."

அன்றுவரை விழுப்புரத்துக்கு அப்பால் போயிராத கெங்கம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"சரிய்யா. நாளைக்கு உன் ஆபீசுக்கு வர்றேன். புள்ள பேர ஏத்தும்போது ஆத்தாவும் கூட இருக்கணும்ல. பெரிய ஆபீசர்கிட்டயே சொல்லிடலாம், நாந்தான் கெங்கம்மாளு, பம்பாயில மழையா இருந்துச்சுன்னு."

சீனுவாசன் துண்டை எடுத்து, சவரம் செய்யாத பாதி முகத்திலிருந்து காய்ந்த சோப்பைத் துடைத்தான்.

"வேணி, பேனா எங்க?"

இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டு, கீழே இரண்டு கோடும் இழுத்தான். காகிதங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டான்:

"இப்ப இன்னா பேரு வச்சிருக்காங்க?"

"வெற்றிச்செல்வன்."

"நல்ல பேருதான்." பேனாவை மூடினான். "கறுப்பா, செவப்பா?"

"கறுப்பு."

அவனும் கறுப்புதான். தலையை ஆட்டிக்கொண்டான். கெங்கம்மாள் தெருமுனை திரும்புகிற வரையில் பாதிச் சவர முகத்தோடு வாசலில் நின்றான். கிருஷ்ணவேணி ஸ்டேஷன் வரையில் கூட வந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். "உங்க பேர்ல எவ்ளோ போயிருக்கேன்" என்றாள்.

ஒரு வாரத்தில் கமிஷனர் உத்தரவு வந்தது. தேவசகாயம் பெரிய பதிவேட்டைத் தூக்கி மேஜையில் போட்டுப் பக்கத்தைத் திருப்பினார். பச்சைமுத்து, பிள்ளையை இடுப்பில் வைத்த சின்னபொண்ணு, கெங்கம்மாள் மூவரும் எட்டிப் பார்த்தார்கள். மூவருக்கும் படிக்கத் தெரியாது. கெங்கம்மாளுக்கு மட்டும் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கும் என்று உத்தேசமாகத் தெரிந்தது.

"என் பேர அடிச்சிடுவீங்களா, சார்?"

"அடிக்கக் கூடாது. சட்டம் அப்படி. ஒருக்கா எழுதினது எழுதினதுதான். புதுசா வர்றத ஓரத்துல எழுதணும்."

"அப்ப எம்பேரு?"

"அது பாட்டுக்கு இருக்கும். கட்டடம் இருக்குற வரைக்கும் இருக்கும்." அவர் சிவப்பு மையில், ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினார். குழந்தை வெற்றிச்செல்வன். தந்தை பச்சைமுத்து. தாய் சின்னபொண்ணு. அவர் காட்டின இடத்தில் கெங்கம்மாள் பெருவிரலை அழுத்தினாள். மை துடைக்கத் துணி கொடுத்தார். அவள் துடைக்கவில்லை.

புதிய சான்றிதழைப் பச்சைமுத்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"பழசக் குடுங்க. கிழிச்சுக் கோப்புல சேக்கணும்" என்றார் தேவசகாயம்.

அது கெங்கம்மாளின் மஞ்சள் பைக்குள் இருந்தது. காலையில் பெட்டியிலிருந்து எடுத்து அவள் பைக்குள் வைத்ததைச் சின்னபொண்ணு பக்கத்தில் நின்று பார்த்திருந்தாள்.

"அது இல்லீங்க" என்றாள் கெங்கம்மாள். "எலி தின்னுடுச்சு."

"போன வாரம் கொண்டாந்தீங்களேம்மா?"

"இந்த வாரம் தின்னுச்சுங்க."

தேவசகாயம் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி அவளைப் பார்த்தார். பச்சைமுத்து வாயைத் திறந்தான். சின்னபொண்ணு அவன் காலை மிதித்தாள்.

"ஆமாங்க சார்" என்றாள் சின்னபொண்ணு. "பெரிய எலி. நானே பாத்தேன். மில்லுத் தவிடு தின்னு கொழுத்தது. எங்க தெருவுல அது ரொம்ப பேஜாரு."

இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தேவசகாயம் கோப்பில் எழுதினார்: பழைய சான்றிதழை எலி தின்றுவிட்டதாகத் தெரிவிக்கப்பட்டது. தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

வெளியே வந்ததும் சின்னபொண்ணு பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கிக் கெங்கம்மாளிடம் நீட்டினாள். "கை நோவுதுக்கா. ஊடு வரைக்கும் தூக்கிக்கினு வாங்க" என்றாள். நகராட்சியிலிருந்து அவர்கள் தெருவுக்குக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். கெங்கம்மாள் மெதுவாகத்தான் நடந்தாள்.

அன்று சாயங்காலம் மாட்டுக்கு இரண்டு கை தவிடு கூடுதலாகக் கிடைத்தது.